ரூபி உட்கார்ந்த அறை

அன்பு மகள் ஐரினுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் ஆக்லாந்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் பழக்கம், இந்தத் தடவை அப்பாவின் சர்க்கரையும் என் முழங்காலும் மட்டும்தான் சுகம். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் உன் தம்பி ஜெய்சன் காதில் விழும். இந்தக் கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வர வேண்டாம். ஏன் என்று படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களுக்கு நாய்களை வைத்து மனதுக்கு வைத்தியம் பார்க்கும் சமயநல்லூர் இடத்துக்கு உன் தம்பியைக் கூட்டிப்போனோம் அல்லவா, மாத்திரை செய்யாததை நாயா செய்யப்போகிறது என்று அப்பாவோடு சண்டை போட்டவள் நான். அவர்கள் ரூபியை வீட்டுக்கே அனுப்பிய பிறகு என் வாய் அடைத்துப்போனது. வெடிகுண்டு தேடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கறுப்பு லாப்ரடார், அவளுக்கு இந்திதான் புரியும். எங்களிடம் தமிழில் நாலு வார்த்தை பேசாதவன் அவளிடம் இந்தியில் ஓயாமல் பேசினான். காஷ்மீரில் தன்னோடு நடந்து வந்தவன் கால் வைத்த இடம் வெடித்ததிலிருந்து தரையைப் பார்த்துப் பார்த்தே நடந்த பிள்ளை, ரூபி முன்னால் போனால் தலைநிமிர்ந்து நடந்தான். ஆரப்பாளையம் வரைக்கும் போய்க் கத்திரிக்காய் வாங்கி வந்தான், பாதி சொத்தை, நறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சமைத்தேன். அந்தச் சந்தோஷத்தில்தான் உன்னை டிக்கெட் போடச் சொன்னேன்.

தீபாவளிக்கு வெடிச்சத்தம் ஆகாது என்று சமயநல்லூர்க்காரர்கள் அவனையும் ரூபியையும் ஊருக்கு வெளியே ஒரு தோப்பில் தங்கவைத்துப் பத்திரமாகத் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் பார்த்துப் பார்த்துச் செய்ததை உன் அப்பா கெடுத்தார். தீபாவளி முடிந்ததும் மிச்சப் பட்டாசைக் கடைக்காரர்கள் தள்ளிவிடுவார்கள் இல்லையா, வருஷாவருஷம் செய்கிற மாதிரி கிறிஸ்துமஸுக்கென்று ஒரு பெட்டி வாங்கி உன் அறைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார். மத்தாப்பும் புஸ்வாணமும் மட்டும்தானே, சத்தம் வராதே என்று இருந்திருக்கிறார், பேரப்பிள்ளைகள் கொளுத்திப் பார்க்கிற ஆசை. என்னிடம்கூட மூச்சுவிடவில்லை.

ஒரு காலை நான் உன் அறையைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது ரூபி அறை வாசலில் வந்து உட்கார்ந்தாள். வெடிமருந்து வாசம் பட்டால் குரைக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும், அதுதான் அவளுக்குப் பழக்கிய வேலை. எனக்கு அது தெரியாது, பசிக்கிறதாக்கும் என்று பிஸ்கட் போட்டேன், தொடவில்லை. அப்போதுதான் ஜெய்சன் வந்தான். அவன் முகம் போன போக்கை எப்படி எழுதுவேன். "அம்மா, வெளக்கமாத்தக் கீழ போடாதீங்க. நான் சொல்ற எடத்துல மட்டும் கால வைங்க" என்றான். என்னை அப்படியே வெளியே கொண்டுவந்து, குளித்துக்கொண்டிருந்த அப்பாவைத் துண்டோடு தெருவுக்கு இழுத்துவந்து, பக்கத்து வீட்டாரையும் எழுப்பி வெளியேற்றினான். தெரு முழுக்க வேடிக்கை. அப்பா அழுதுகொண்டே, பட்டாசுதாண்டா, நான்தான் வாங்கி வைத்தேன் என்றார். தானே போய் எடுத்துவந்து வாளித் தண்ணீரில் முக்கினார். ஜெய்சன் திட்டவில்லை, ரூபி பொய் சொல்லலேல்லப்பா என்று மட்டும் கேட்டான். பினாயில் ஊற்றிக் கழுவினோம். அதற்குப் பிறகும் அவள் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

சமயநல்லூரிலிருந்து சூரியபிரகாஷ் என்ற டாக்டர் தம்பி வந்தார். ஓய்வு பெற்றாலும் இவள் வேலையை மறக்கவில்லை, இரண்டு பேரும் வெடிகுண்டு தேடும் ஒரே மாதிரி வேலை பார்த்தவர்கள், ஒத்துப்போவார்கள் என்று கொடுத்தது எங்கள் தப்பு என்றார். ஒத்துத்தான் போனார்கள், அதுதான் வினை. அவளைத் திருப்பிக் கூட்டிப்போகும்போது ஜெய்சனே வாரை மாட்டிக் கொடுத்தான். பதிலுக்கு ஒரு பழுப்புக் குட்டியைத் தந்திருக்கிறார்கள், அது வீடெல்லாம் துள்ளி ஓடுகிறது. அவன் அதைத் தொடுவதுகூட இல்லை, இதுக்கு ஒண்ணும் தெரியாதும்மா என்கிறான்.

இப்போது ரூபி உட்கார்ந்த இடத்தில் உன் தம்பி உட்கார்ந்திருக்கிறான். சாப்பாடும் அங்கேதான், தூக்கமும் அங்கேதான். என்னைக் கூட்டக்கூட உள்ளே விடுவதில்லை. ஏண்டா ராசா இப்படி என்று கேட்டதற்கு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அக்கா பிள்ளைகளோட வருதுல்லம்மா. அதுகளுக்குப் பாத்துக் கால் வைக்கத் தெரியாது."

டிக்கெட்டை ரத்து செய்துவிடு. அப்பாவைத் திட்டி எதுவும் அனுப்பாதே, அவர் ஏற்கனவே பாதியாகிவிட்டார். பிள்ளைகளுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். இங்கிருந்தே உங்கள் எல்லோர் நெற்றியிலும் சிலுவை அடையாளம் போட்டுவிடுகிறேன், ஆண்டவர் கைவிடாதிருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை போனில் நீயே அவனைக் கூப்பிட்டு லீவு கிடைக்கவில்லை என்று சொல். நீங்கள் வரவில்லை என்று தெரிந்தாலாவது அந்த வாசலை விட்டு எழுந்திருப்பானா என்று பார்க்கிறேன். எழுந்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆரோக்கியம் லூர்துராஜ்