ஜோதியின் வெள்ளணுக்கள்

மார்ச் 3, செவ்வாய்

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. வார்டில் ஒரு ஃபேன் ஓடவில்லை. மூன்றாவது தடவையாகப் புகார் எழுதினேன். எழுதி என்ன.

ஜோதிக்கு வார ரத்தம் எடுத்தாயிற்று. குளோசபின் ஆரம்பித்து ஒன்பதாவது வாரம். வெள்ளணு இறங்காமல் இருந்தால்தான் மாத்திரை தொடரும்.

ஜோதி. 34. சேவுகம்பட்டி. பதினோரு வருட நோய். காதுக்குள் இரண்டு ஆண் குரல்கள், ஓயாத வசவு. நான்கு மருந்து பார்த்தும் அடங்காதது இதில்தான் அடங்கியது. போன மாதம் ஒரு காலை, "சிஸ்டர், ஃபேன் சத்தம் மட்டுந்தான் கேக்குது" என்றாள். பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

பக்கவிளைவு: தலையணை நனைய எச்சில், மலச்சிக்கல், ஆறு கிலோ கூடுதல். "ஒழுகுனா ஒழுகட்டும் சிஸ்டர்." மாதக் கடைசியில் வீட்டுக்கு அனுப்புவதாகப் பேச்சு. மகள் நாலாம் வகுப்பு. அம்மா கையால் தலை பின்னிக்கொண்டதே இல்லையாம் அந்தப் பிள்ளை.

மார்ச் 4, புதன்

லேபிலிருந்து போன். வெள்ளணுவில் கிருமியோடு சண்டை போடும் வகை, போன வாரம் மூவாயிரம், இப்போது எண்ணூறு. திரும்பப் பார்க்கச் சொன்னேன். அதே எண்ணூறு.

டாக்டர் உடனே மாத்திரையை நிறுத்தச் சொன்னார். தனி அறை, மாஸ்க், தினமும் ரத்தம்.

காலை மாத்திரைக்குக் கை நீட்டி நிற்கிறாள். என் கையில் தண்ணீர் டம்ளர் மட்டும்.

"ரெண்டு நாளைக்குத்தான் ஜோதி. செத்த பொறு."

பொய். இருபது வருட சர்வீஸில் சரளமாக வருகிறது.

மார்ச் 5, வியாழன்

ஜோதியின் கணவர் முருகேசன் வந்தார். ஒரு பை ஆயக்குடிக் கொய்யா. வேகவைக்காத பழம் இப்போது கூடாது, கிருமி தொற்றும் என்று வாங்கி வைத்துவிட்டேன். முகம் விழுந்துவிட்டது மனுஷனுக்கு.

"இம்புட்டு நாளா நல்லாத்தானே இருந்துச்சு. மூளையில என்னதான் சிஸ்டர் கெட்டுப்போச்சு?"

லேப் தாளின் பின்பக்கம் படம் போட்டேன். இரண்டு நரம்புச் செல், நடுவில் இடைவெளி, அதில் புள்ளி புள்ளியாக டோபமைன். அதன் வேலை மீறினால் இல்லாத குரலையும் மூளை நிஜமென்று எடுத்துக்கொள்ளும், மருந்து அதை மட்டுப்படுத்தும் என்றேன். மற்றவை தோற்ற இடத்தில் இந்த ஒன்று மட்டும் ஏன் ஜெயிக்கிறது என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. அதைச் சொல்லவில்லை.

"மூளைக்குக் குடுத்த மருந்து ரத்தத்தை ஏன் கெடுக்குது?"

"வெள்ளணு எலும்புக்குள்ளதான் ஊறுதுண்ணே. யாரோ ஒருத்தருக்கு இந்த மருந்து அதை அழிச்சிரும். அப்புறம் ஒரு தொண்டை வலி வந்தாக்கூட உசுருக்கு ஆபத்து."

"அந்த யாரோ ஒருத்தர் இவளாத்தான் இருக்கணுமா?"

படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மார்ச் 6, வெள்ளி

தவக்கால வெள்ளி, கறி மீன் இல்லாத சுத்தபோசனம். வாழைக்காய் வெஞ்சனம், உப்பில்லை. தலைவலி.

நானூறு.

"இனிமே எப்பவும் கூடாது. ஃபைல்ல பெருசா எழுதிடுங்க" என்றார் டாக்டர். சிவப்பு மையில் எழுதினேன். இனி மிச்சம்: தோற்றுப்போன நான்கில் இரண்டைச் சேர்த்துக் கொடுப்பது, கரன்ட் ஷாக், ஜெபம்.

ஊசியோடு போனபோது ஜோதி கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சிஸ்டர், உங்க ரத்தத்தை எம் பேருல அனுப்பி விடுங்களேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"உனக்கென்ன பைத்தியமா?"

வாயிலிருந்து வந்துவிட்டது. இந்த வார்டில், நான். ஜோதி மாஸ்க்குக்குள் சிரித்தாள்.

"ஆமா சிஸ்டர். அதுக்குத்தானே உள்ள வச்சிருக்கீங்க."

பிறகு சிரிப்பு நின்றது. "செத்தாலும் பரவால்ல. அவனுக திரும்ப வரக் கூடாது."

ட்யூபில் பெயர் ஒட்டும்போது, ஒரு நிமிடம், உண்மையிலேயே யோசித்தேன். எழுதி வைக்கிறேன், மறைப்பானேன். ஆனால் மாத்திரை தொடர்ந்தால் ஜுரத்தில் செத்துப்போவாள். நிறுத்தினால் உயிரோடு இருப்பாள், அந்த இரண்டு பேரோடு.

மார்ச் 8, ஞாயிறு

லீவு. பூசையில் மனசு ஒட்டவில்லை. மகனுக்கு நாளை கணக்குப் பரீட்சை, கால்குலேட்டரைக் காணோம் என்று வீட்டையே புரட்டினான். கத்திவிட்டேன். கணக்குப் பரீட்சைக்கு எதற்கு கால்குலேட்டர்.

மார்ச் 9, திங்கள்

அறுநூற்றைம்பது. ஏறுகிறது. லேப் பையன் "நல்ல சேதி சிஸ்டர்" என்கிறான். எல்லோருக்கும் சந்தோஷம்.

ஜோதி சாப்பிடும்போது தலை இடப்பக்கம் சாய்கிறது. கேள்வி கேட்டால் பதில் தாமதம்.

"வந்துட்டாங்களா ஜோதி?"

"இல்லியே. யாரும் வரலியே."

நம்பத்தான் ஆசை. கேஸ் தாளில் தலை சாய்வதையும் தாமதத்தையும் எழுதினேன்.

மார்ச் 10, செவ்வாய்

முருகேசன் மகளோடு வந்தார். ஜன்னலுக்கு வெளியே நிற்கவைத்து, தூரத்திலிருந்து பார்க்கலாம் என்றேன். சிவப்பு ரிப்பன், கையில் சீப்பு.

ஜோதி ஒரு தரம் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க சிஸ்டர். பிள்ளையப் பத்தி என்னென்னமோ பேசுறானுக."

மார்ச் 11, புதன்

ஆயிரத்து நூறு. தனி அறை வேண்டாம் என்று உத்தரவு. மற்ற நோயாளிகளோடு சேர்த்தாயிற்று. ரத்தத்தைப் பொறுத்தவரை தேறிவிட்டாள்.

கட்டிலை மாற்றிப் போர்வை விரித்துக்கொண்டிருந்தேன்.

"சிஸ்டர், இப்ப நீங்களா பேசுனீங்க?"

"இல்லியே."

"உங்க குரல்தான்."

"என்ன சொல்லுச்சு?"

"நீ வீட்டுக்குப் போகவே மாட்டன்னு."

நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில்கூட. நினைத்ததோடு சரி.

தாளில் எழுதினேன்: புதிதாக ஒரு குரல். பெண். யாருடையது என்ற இடத்தில் கோடு போட்டுவிட்டேன்.