நாலு பேர் படுக்கும் கூடாரம்

பிளேஸ்டோ, லண்டன்
27.5.1996

அன்பின் தவநாயகிக்கு,

கிளிநொச்சி அகதிக் கூடாரத்தில் நீரும் பிள்ளைகள் இருவரும் காய்ச்சலில்லாமல் இருக்கிறீர்களா? நான் சுகம்.

இங்கே விடுமுறைக்குக் காசு கொடுத்துக் காட்டில் கூடாரம் அடித்துப் படுக்கிறார்கள், ஹோட்டலைவிட மலிவாம். கனகலிங்கம் அண்ணை குடும்பம் என்னையும் கூட்டிப்போனது. மழை வந்ததும், போன மாரியில் நீர் எழுதியிருந்தபடி சுற்றிவர வாய்க்கால் வெட்டினேன். ஒருவரும் நனையவில்லை.

“எங்கை தம்பி பழகினனி?” என்றார் அண்ணை.

“மனிசி எழுதினவ” என்றேன்.

எனக்குத் தந்தது நாலு பேர் படுக்கும் கூடாரம். மூன்று பேருக்கு இடம் விட்டு ஓரமாகப் படுத்தேன்.

பிள்ளைகளுக்கு, உள்ளே புகுந்து படுக்கும் படுக்கைப் பை வாங்கி அனுப்ப வேண்டும். இருவரின் உயரத்தையும் நூலில் அளந்து கடிதத்துக்குள் வையும். கடைக்காரி உயரம் கேட்டபோது, நான் ஊரிலிருந்து வெளிக்கிட்ட அன்றைய உயரத்தைத்தான் என் கை காட்டியது.

ஷிப்ட்டுக்கு நேரமாகிறது.

உம்முடைய
குலசேகரம்