கடல் தொட்டியும் மூன்று பாசிகளும்

18 ஜூன் 1984, திங்கள்

பழுப்பு. கண்ணாடி, மணல், கல் எல்லாம் ஒரே பழுப்பு. மண்டபம் கடற்கரையிலிருந்து பஸ்ஸில் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக் கொண்டுவந்த இரண்டு கோமாளி மீன்களும் பழுப்புக்குள் ஆரஞ்சாகத் திரிகின்றன. கல்லூரி முதல்வர் ஆய்வுக்கூடத்துக்குள் தலையை நீட்டி, "காப்பி கொட்டிட்டீங்களா, கல்யாணசுந்தரி?" என்று கேட்டுவிட்டுப் போனார். விலங்கியல் துறைக்குக் கடல் தொட்டி வேண்டும் என்று இரண்டு வருஷம் அவர் உயிரை எடுத்தவள் நான். கேட்கத்தான் செய்வார்.

நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். குட்டிக் குட்டிப் படகுகள், கண்ணாடியில் செதுக்கினாற்போல. டயட்டம் என்கிற பாசி. புதுத் தொட்டிக்கு வரும், தானே போய்விடும். கவலையில்லை.

2 ஜூலை

போய்விட்டது! அடெண்டர் செல்லையனிடம் பெருமையாகச் சொன்னேன். "நான் துணி வச்சுத் தொடச்சேங்கம்மா, அதனால இருக்கும்" என்றார். சரி, பாதிப் பெருமை அவருக்கு. ஆறு வருஷமாகத் தற்காலிகம். டிசம்பரில் நிரந்தரம் ஆகும் பட்டியலில் பெயர் இருக்கிறதாம். வீட்டில் இப்போதே பாயசம் வைத்துவிட்டார்கள்.

11 ஜூலை

பச்சை. கல்லெல்லாம் தலைமுடி முளைத்த மாதிரி. நுண்ணோக்கியில் நீள நீளமாகக் கிளைவிட்ட இழைகள். நூல் பாசிதான், சந்தேகமில்லை. பெயர் தெரிந்ததும் பாதி வேலை முடிந்ததாக நினைக்கிற புத்தி எனக்கு.

வெயிலைக் குறைத்தால் அடங்கும். பிரெஞ்சுக்காரன் கட்டின கட்டடம், ஜன்னல் ஆளுயரம். போர்வையைக் கட்டி மறைத்தேன்.

14 ஜூலை, சனி

போர்வையை அவிழ்த்துவிட்டேன். பாசி அசையவில்லை, மீன்களோடு கொண்டுவந்த கடல் சாமந்திதான் சுருங்கிவிட்டது. பார்க்கப் பூ, உள்ளபடி பிராணி. அதற்கு வெயில் வேண்டும். பாசிக்கும் வெயில் வேண்டும். ஒருத்தியைப் பட்டினி போட்டால் இன்னொருத்தியும் சேர்ந்து படுக்கிறாள்.

பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, குழாய் வைத்து அழுக்கை உறிஞ்சினேன். வாரா வாரம் போல அரசலாறு கடலில் சேருமிடத்திலிருந்து ரிக்‌ஷாவில் நாலு கேன் தண்ணீர் கொண்டுவந்து மாற்றினேன். புதுத் தண்ணீர் விடுவது நல்லதுதானே?

19 ஜூலை

இப்போது சிவப்பு. மணல்மேல் கருஞ்சிவப்பு ஜவ்வு, பாய் விரித்தாற்போல. நுனியைப் பிடித்து இழுத்தால் அப்படியே உரிந்து வருகிறது. அடியில் காற்றுக்குமிழ். நாற்றம் – கேட்க வேண்டாம். இது பாசி இனத்திலேயே சேர்த்தி இல்லை, பாக்டீரியா சாதி. நீலப்பச்சைப் பாசி என்று பாடத்தில் நடத்துகிறேன். வந்ததோ சிவப்பாக.

தண்ணீரில் உணவு மிஞ்சினால் இது வரும். யாரோ எதையோ போடுகிறார்கள்.

20 ஜூலை, வெள்ளி

பிடித்துவிட்டேன். சாயங்காலம் வகுப்பு முடிந்து வருகிறேன், செல்லையன் தொட்டிமேல் குனிந்து எதையோ போடுகிறார். இறால்!

"ஒரே ஒரு துணுக்குதாங்கம்மா. சாமந்திக்குத்தான் – வாய்கிட்ட வச்சா புடிச்சுக்குது."

என்ன பேசினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. மாணவிகள் எதிரில் பேசிவிட்டேன். ஒரு மாச உழைப்பு, ஒரு மாசம்! யார் கேட்டது இவரை? கோபம் ஆறும்முன் முதல்வருக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்துவிட்டேன். 'கவனக்குறைவு' என்ற வார்த்தையை இரண்டு தடவை போட்டேன்.

21 ஜூலை

செல்லையனை ஆபீசுக்கு மாற்றிவிட்டார்கள். நல்லது.

30 ஜூலை

பத்து நாளாக இறாலும் இல்லை, செல்லையனும் இல்லை. சிவப்பு மட்டும் இரண்டு பங்கு. சாமந்தி மூடின கை மாதிரி கிடக்கிறது.

அப்போ அவர் போட்டதால வரலையா?

முதல்வர் கூப்பிட்டு, ஆகஸ்ட் 27 பாண்டிச்சேரியிலிருந்து கல்லூரியைப் பார்வையிடக் குழு வருகிறது, அதற்குள் சுத்தமாகாவிட்டால் தொட்டியை எடுத்துவிட்டு அந்த அறையில் பழைய பெஞ்சுகளைப் போடப்போகிறோம் என்றார். செல்லையன் பெயர் டிசம்பர் பட்டியலிலிருந்து எடுபட்டதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "நீங்க எழுதிக் குடுத்ததுதான்."



5 ஆகஸ்ட், ஞாயிறு

நெடுங்காடு போனேன். அண்ணன் சுவாமிநாதன் குறுவைக்கு யூரியா வீசிக்கொண்டிருந்தார். இது இரண்டாம் தடவையாம். வரப்பில் நின்று வெறுமனேதான் கேட்டேன்: "மிஞ்சின தண்ணி எங்கண்ணே போவும்?"

"எங்க போவும்? வடிகால்ல எறங்கி ஆத்துக்கு. ஆத்துலேர்ந்து கடலுக்கு. இதக்கூடவா காலேஜ்ல சொல்லித்தரல?"

அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு கடலில் சேருமிடத்தில்தானே சனிக்கிழமைதோறும் மொள்கிறேன்! பாசிக்கு உரம் வைத்தது நான். வாரம் நாலு கேன், ரிக்‌ஷாக் கூலியும் கொடுத்து.

6 ஆகஸ்ட்

நினைத்தால் போதாது, நிரூபிக்க வேண்டும். கல்லூரி வாசலில் மீன் விற்கும் அஞ்சுகத்தின் வீட்டுக்காரருக்குச் சொந்தப் படகு இருக்கிறது. கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் மொண்ட தண்ணீர் வேண்டும் என்றேன்.

"மீனு வாங்காம தண்ணி வாங்குறவங்கள இப்பத்தான் டீச்சர் பாக்குறேன்" என்று சிரித்தாள். சிரித்தாலும் கொண்டுவந்தாள். முதல் கேனில் மண்ணெண்ணெய் வாசம், திருப்பிவிட்டேன். இரண்டாவது சுத்தம்.

ஜன்னலில் மூன்று பாட்டில். ஒன்றில் முகத்துவாரத் தண்ணீர். ஒன்றில் நடுக்கடல் தண்ணீர். மூன்றாவதில் நடுக்கடல் தண்ணீரோடு அண்ணன் மூட்டையிலிருந்து எடுத்த யூரியா நாலு குருணை. மூன்றிலும் ஒரே அளவு பாசி.

16 ஆகஸ்ட்

முதல் பாட்டில்: பச்சைப் புதர். மூன்றாவது: அதைவிடப் புதர். நடுக்கடல்: போட்டது போட்டபடி, கொஞ்சம் வெளிறிக்கூட இருக்கிறது.

சந்தோஷப்பட வேண்டிய நாள். முதல்வருக்கு எழுதக் காகிதத்தை எடுத்து வைத்தேன்.

17 ஆகஸ்ட், வெள்ளி

எழுதிக் கொடுத்துவிட்டேன். 'என் புகார் தவறு. காரணம் நான் எடுத்த தண்ணீர். செல்லையன்மேல் குற்றமில்லை.' மூன்று வரிதான்.

முதல்வர் இரண்டு தடவை படித்தார். "இது ஃபைல்ல ஏறுங்க. உங்க பேருக்குத்தான் ரிமார்க்."

"ஏறட்டுங்க சார்."

"பட்டியல் பாண்டிச்சேரிக்குப் போயாச்சு. எழுதிப் பாக்கறேன், சொல்ல முடியாது."

பிறகு ஆபீசுக்குப் போனேன். செல்லையன் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். எல்லோர் எதிரிலும் திட்டினதால் எல்லோர் எதிரிலும் மன்னிப்புக் கேட்டேன்.

அவர் முத்திரையைக் கீழே வைக்கவில்லை. "ஆறு வருசத்துல ஒரு பேச்சு கேட்டதில்லீங்கம்மா." அவ்வளவுதான். டப், டப் என்று மறுபடி குத்த ஆரம்பித்துவிட்டார்.

நியாயம்தான்.

18 ஆகஸ்ட்

அஞ்சுகம் ஆறு கேன் கொண்டுவந்தாள். தண்ணீரில் பாதியை மாற்றினேன். சிவப்பு ஜவ்வைச் சுருட்டிச் சுருட்டி உறிஞ்சி எடுத்தேன். கேட்காமலே ஒரு கூடை நத்தையும் கொண்டுவந்திருந்தாள், பாறையைச் சுரண்டித் தின்னும் ஜாதி. பத்தை விட்டேன். வேலைக்கு அஞ்சாதவை.

சாமந்தி வாயருகே இறால் துணுக்கு வைத்தேன். பிடித்துக்கொண்டது. இத்தனை நாள் அதைக் காப்பாற்றி வைத்திருந்தது யார் என்று தெரிந்தது.

27 ஆகஸ்ட்

குழு வந்தது. தொட்டி பாதி சுத்தம், பாதி காடு. மறைத்து என்ன ஆகப்போகிறது? மூன்று பாட்டிலையும் எடுத்து வைத்து நடந்ததைச் சொன்னேன். கண்ணாடி போட்ட அம்மாள் ஒருவர் தொட்டியைப் பார்க்கவேயில்லை, பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளைகளை வாரா வாரம் இதைச் செய்யச் சொல்லுங்க" என்றார். பழைய பெஞ்சுகளுக்கு வேறு இடம் பார்க்கிறார்கள்.

9 செப்டம்பர்

சிவப்பு போயேபோச்சு. பச்சை நூல் கைக்கு வருகிற அளவு. சாமந்தி விரிந்து தட்டு அகலம்.

செல்லையன் விஷயமாகப் பதில் இல்லை.

3 அக்டோபர்

பதில் வந்துவிட்டது. பட்டியலில் பெயர் ஏறிவிட்டது. என் ஃபைலில் ரிமார்க்கும் ஏறிவிட்டது. ஆபீசில் மிட்டாய் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று வந்தது, செல்லையன் கையால் அல்ல, ப்யூன் கையால்.

12 அக்டோபர், வெள்ளி

காலையில் பார்த்தால் சாமந்திக்குப் பக்கத்துக் கல்லில் உள்ளங்கை அளவுக்கு ஆரஞ்சுப் படலம். அடக் கடவுளே, நாலாவது பாசியா! பெரிய மீன் வேறு கையை விட்டால் கடிக்க வருகிறது. பிரஷ்ஷை எடுத்துத் தேய்க்கப் போனேன்.

"அம்மா, நிறுத்துங்க!"

வாசலில் செல்லையன். ஏதோ சுற்றறிக்கையில் கையெழுத்து வாங்க வந்திருக்கிறார். காகிதத்தை மேஜையில் போட்டுவிட்டுத் தொட்டியிடம் வந்து குனிந்தார்.

"பாசி வரிசையா முளைக்குமாம்மா? சின்ன மீன் பாருங்க, விசிறிக்கிட்டே நிக்குது."

பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். நூற்றுக்கணக்கில் குட்டிக் குட்டி முட்டைகள். பூதக்கண்ணாடியை அவரிடம் நீட்டினேன்.

வெகுநேரம் பார்த்தார். கையெழுத்துக்கு அவசரமா என்று கேட்டேன்.

"இல்லீங்கம்மா. இருக்கட்டும்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.