ஸ்டாம்ப் சைஸ் அஞ்சலி

வியாழன், இரவு.

சின்ன வயதிலிருந்து என்னைச் சிரிக்கவைத்த காமெடி நடிகர் நேற்று இறந்துவிட்டார். சிதம்பரத்தில் மாமா வீட்டிலிருந்து இன்று கடலூர் திரும்பினால், தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர். அதில் அவர் ஸ்டாம்ப் சைஸ். என் நண்பன் பிரவீன், கூலிங் கிளாஸோடு கட்-அவுட் சைஸ்.

"என் போட்டோ எங்கடா மச்சான்?" பக்கத்து டீக்கடையில் நின்றிருந்தவனைக் கேட்டேன்.

"நீதான் ஊர்லயே இல்லியே."

"அவரு வாய்ஸ்ல பேசி வாத்தியார்கிட்ட அடி வாங்குனது நான்டா. நீ ஒரு படமாவது முழுசா பாத்திருக்கியா?"

"பாக்கலன்னா அழக்கூடாதா?"

பேனர் முன்னாலேயே அவர் குரலில், "தம்பி, செத்தது நானா, நீயா?" என்று பிரவீனைக் கேட்டேன். டீக்கடையே சிரித்தது. அந்தக் குரலைக் கேட்டு அவன் மட்டும் தேம்பித் தேம்பி அழுதான்.

எனக்கு நேற்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லை. என் அழுகையையும் அவனே அழுதுவிட்டான், திருட்டுப்பயல்.