போர்தோவில் இறந்தவன் பெயர்

2003 செப்டம்பர் 26, வெள்ளி. பாரிஸ்

நான் இலங்கையிலிருந்து வந்த பழைய மாணவர் சங்கத்தின் கூட்டம் முடிந்தது. நாளைக் காலை ரயிலில் போர்தோ போகிறோம்: நான், இங்கே குடியிருக்கும் இளையதம்பி, தம்பையா. பண்டாரவளையில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். மூவரும் ஒன்றாகப் பயணம் போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது. தம்பையா உணவகத்தில் மன்றாடி லீவு வாங்கியிருக்கிறான். பிரான்சுக்கு வந்தபின் அவன் பாரிஸை விட்டு வெளியே போவது இதுவே முதல் தடவையாம்.

27, சனி. போர்தோ

வைன் நகரம். வெளிறிய கல் கட்டடங்கள், செம்மண் நிறத்தில் ஆறு. பின்னேரம் பஸ்ஸில் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் போனோம். கடும் வெயிலால் இந்த ஆண்டு அறுவடை முந்தியே முடிந்துவிட்டதாம். நிரைகளில் ஆளில்லை.

"நம்ம தேயிலத் தோட்டம் மாதிரியே நெரநெரயா இருக்கு. கங்காணியத்தான் காணோம்," என்றான் தம்பையா.

வைனைச் சுவைத்துவிட்டுத் துப்பவேண்டும் என்று இளையதம்பி சொல்லிக்கொடுத்தான். "துப்புறதுக்காடா இவ்வளவு தூரம் கூட்டியாந்த?" தம்பையா தன்னுடையதை விழுங்கினான், என்னுடையதையும்.

"ஹோட்டலில பாட்டு மட்டும் பாடாதை, என்ன," என்றான் இளையதம்பி.

பாடினான்.

28, ஞாயிறு

தம்பையா இறந்துவிட்டான்.

எழுதிவிட்டேன். இன்னும் நம்ப முடியவில்லை.

ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தோம். "கொஞ்சம் இருங்கடா, நெஞ்சு என்னமோ பண்ணுது" என்று வாங்கில் உட்கார்ந்தான். அப்படியே சாய்ந்தான். அம்புலன்ஸ் உடனே வந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது.

வைத்தியசாலையில் தாதி ஆங்கிலத்தில் பெயர் கேட்டார். தம்பையா, பூனாகலைத் தோட்டம் என்றேன். அவர் தம் கையிலிருந்த அடையாள அட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இளையதம்பி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் ஏதோ சொன்னான். தாதி தலையாட்டிவிட்டுப் போனார்.

"என்னடா சொன்ன?"

"தம்பையா எண்டது வீட்டில கூப்பிடுற பேர் எண்டு சொன்னனான். கார்டில இருக்கிறது சிவநேசன். இனி நீ ஒண்டும் கதையாதை."

சிவநேசன் இளையதம்பியின் கூடப்பிறந்த தம்பி. தொண்ணூறாம் ஆண்டு பதுளையிலிருந்து யாழ்ப்பாணம் போனான். அதற்குப் பிறகு அவனை யாரும் காணவில்லை.

நான் அடுத்த கேள்வியைக் கேட்குமுன் டொக்டர் வெளியே வந்தார்.

29, திங்கள்

இளையதம்பி சொன்னது:

"தோட்டத்துப் பெடியன் எண்டா அகதியா எடுக்கமாட்டாங்கள். உங்கட மலைநாட்டுப் பக்கம் எங்க சண்டை எண்டு கேப்பாங்கள். என்ர தம்பி எண்டு நான்தான் சொல்லி எடுப்பிச்சனான்."

"நேசன் வந்திருந்தா?"

"வரேல்லையே."

உண்மை வெளிப்பட்டால் இளையதம்பியின் வதிவிட அனுமதியும் போய்விடும். அவனுடைய பிள்ளைகள் இருவர் பாரிஸில் படிக்கிறார்கள். ஆகவே இறந்தது சிவநேசன் என்றே பதிவாகிவிட்டது. அப்படியானால் தம்பையா எங்கே? என் பத்திரிகைக்கு எழுதுவதென்றால் முதல் வரியில் யாருடைய பெயரைப் போடுவேன்?

ஒக்டோபர் 2, வியாழன்

எரித்தார்கள். சாம்பலோடு எனக்கு இன்று மாலை ஊருக்கு விமானம்.

4, சனி. பூனாகலை

தம்பையாவின் மனைவி ஜெயலெட்சுமிக்கு இளையதம்பி போனில் செய்தி சொல்லியிருந்தான். நான் சாம்பல் பெட்டியைக் கொடுத்தேன். மேலே சிவநேசன் என்ற பெயர். அதை விளக்கத் தொடங்கினேன்.

"தெரியுங்க. பார்சல் எல்லாம் அந்தப் பேர்லதானே வரும்," என்றாள். "பதினாறாம் நாளு தாலிய கழட்டிருவேன். ஆனா சர்க்காரப் பொறுத்த மட்டுக்கும் எம்புருசன் சாகலையே. யாராச்சும் கேட்டா என்னன்னு சொல்றதுங்க?"

முப்பது வருடமாக இந்த மாகாணத்தில் செய்தி சேகரிக்கிறேன். இப்படியொரு கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

8, புதன். பதுளை

லீலாதேவி டீச்சர் ஆளனுப்பிக் கூப்பிட்டார். இளையதம்பியின் தாய். பாரிஸிலிருந்து உறவினர் யாரோ, உங்கள் நேசன் போர்தோவில் காலமாகிவிட்டான் என்று அவருக்குப் போன் எடுத்துவிட்டார். வரவேற்பறையில் நேசனின் படம். மாலை போட்டு விளக்கேற்றியிருந்தது.

"நீர் அவனோட இருந்தனீராம். உண்மையே, தம்பி?"

டீச்சர் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார்.

"பதின்மூண்டு வருசம் உயிரோட இருந்திருக்கிறான். பெத்த தாய்க்கு ஒரு போன் எடுக்கேல்லை. நான் அவனுக்கு என்ன பிழை விட்டனான்?"

நாளை வருகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

இளையதம்பிக்குப் போன் எடுத்தேன். "அம்மா அழுது முடிக்கட்டும் மச்சான். இனியாவது வாசலைப் பாத்துக்கொண்டிராம இருப்பா," என்றான்.

இது இரக்கமா? பெற்ற பிள்ளை தன்னை வேண்டாமென்று இருந்துவிட்டான் என்று நம்பியே அந்த மனுசி சாகணுமா? என்னடா இது? ஆனால் டீச்சர் யாரிடமாவது வாய் தவறினால் அங்கே ஒரு குடும்பம் தெருவில் நிற்கும்.

9, வியாழன்

சொல்லிவிட்டேன்.

போர்தோவில் நடந்ததையெல்லாம் டீச்சரிடம் சொன்னேன். முடிந்ததும், "அப்ப என்ர நேசன்?" என்றார்.

"தெரியாது டீச்சர்."

படத்திலிருந்து மாலையைக் கழற்றினார். விளக்கை அணைத்தார். "ஆருக்கும் சொல்லமாட்டன்," என்றார். நான் செருப்பைப் போடும்போது பின்னாலிருந்து கேட்டார்: "அந்தப் பிள்ளை, தம்பையான்ர மனுசி, பூனாகலையில எவடத்தில இருக்கிறா?"

13, திங்கள். பூனாகலை

தம்பையாவின் பதினாறாம் நாள். நான் போய்ச் சேர்ந்தபோது லயத்து வீட்டு வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். நடுவில், ஜெயலெட்சுமிக்குப் பக்கத்தில், டீச்சர். தனியாக பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒருத்தி குனிந்து கேட்டாள்: "யாருடி இந்தம்மா? டவுன்காரங்க மாதிரி இருக்காங்க."

ஜெயலெட்சுமி தலை நிமிரவில்லை.

"எங்க மாமியாரு," என்றாள்.

டீச்சர் சேலைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டு, அவளுக்கு இன்னும் அருகில் நகர்ந்து உட்கார்ந்தார்.