காய்ச்சலும் பாய்ச்சலும்

ஆடி 20, செவ்வாய்.

நேற்று மதகு வரை ஓடியதே எனக்கு அதிகம். ஓடிய மறுநாள் காலுக்கு ஓய்வு வேண்டும் என்று தெரியும். ஆனாலும் அடுத்த ரத்தப் பரிசோதனைக்குள் சர்க்கரை இறங்க வேண்டுமே என்ற பயத்தில், இன்று காலை வாய்க்கால் கரையில் மதகையும் தாண்டிப் பாலம் வரை ஓடினேன். திரும்பும்போது முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி எடுத்து, நொண்டிக்கொண்டே வீடு வந்தேன்.

அந்தக் காலோடுதான் வேளாண்மை அலுவலகக் கூட்டத்தில் விவசாயிகள் முன்னால் நின்றேன். "வயல்ல எந்நேரமும் தண்ணி நிக்க வேணாங்க. காய்ச்சலும் பாய்ச்சலுமா விடுங்க. ஒரு தடவ பாய்ச்சினா, மண்ணக் காயவிட்டுட்டு அடுத்தது. அப்பதான் வேர் நல்லா இறங்கும்." வருடக்கணக்காகச் சொல்வதுதான். இன்று சொல்லும்போதே கால் விண்விண் என்று தெறித்தது. சிரிப்பு வந்தது, சிரிக்கவும் அலுப்பாக இருந்தது.

சற்றுமுன் வீட்டுக்காரர், "நாளைக்கும் ஓட்டமா? அலாரம் வெக்கவா?" என்று கேட்டார்.

"வேணாங்க, நாளைக்குக் காய்ச்சல்" என்றேன்.

நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மாத்திரை தேடப் போயிருக்கிறார். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. கால்வலிக்கும் அதே மாத்திரைதானே, போட்டுக்கொள்கிறேன்.