அது போர்க்குண்டு அல்ல

1967 ஆகஸ்டு 13, ஞாயிறு, காலை பத்து மணி இருபது நிமிடம். செஞ்சியில் நீ பழுதுபார்த்த பழைய மாடி வீட்டுக்குள் நின்றேன். இப்போது அது ஊர் வரலாற்றுக் காட்சியகம். சம்பளம் வாங்காத ஆட்கள் ஞாயிறுதோறும் திறக்கிறார்கள். மேசைமேல் பதினாறு பொருள்கள். ஏழாவது உன் தூக்குக்குண்டு. நாம் படித்த பாலிடெக்னிக்கில் எவனும் தூக்கிக்கொண்டு போகாமலிருக்க நீ அரத்தால் போட்ட மூன்று கீறல்கள் அப்படியே இருந்தன. கீழே அட்டை: "போர்க்குண்டு. கோட்டைச் சண்டையில் பயன்பட்டது."

காரியதரிசியைக் கூப்பிட்டேன். ஓய்வுபெற்ற குமாஸ்தா, கையில் விசிறி.

"இது செவுரு நேரா இருக்குதான்னு பாக்கற குண்டுங்க."

"நாங்களும் குண்டுன்னுதான எழுதியிருக்கோம்?"

"சண்ட போட்ற குண்டுல நூல் கோக்க ஓட்டை எதுக்குய்யா?"

கொஞ்சம் யோசித்தார். "அடிச்சிட்டு மறுபடி இழுத்துக்கத்தான் தம்பி."

பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள், என்னைப் பார்த்து. அவர் ஒரு நோட்டைக் கொண்டுவந்து விரித்தார். உன் கையெழுத்து: "குண்டு 1, மேல்மாடியில்." நீ எழுதிவைத்த வேலைச் சாமான் கணக்கை, வீட்டில் நீ கண்டெடுத்த பொருள்களின் பட்டியல் என்று நினைத்துவிட்டார்கள். 'தூக்கு' என்று முன்னால் மூன்று எழுத்து சேர்க்க உனக்கு என்ன கேடு? பரீட்சையிலும் இப்படித்தான் பாதி எழுதிவிட்டு எழுந்து போவாய்.

வாசலில், இந்த வீட்டைப் பழுதுபார்க்க உழைத்தவர்களின் பெயர்ப்பலகை இருக்கிறது. பதினொரு பெயர். உன் பெயர் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"உழுந்து செத்தவரு பேரப் போட்டா இந்த வூட்டுக்குள்ள எவன் தம்பி காலெடுத்து வப்பான்?" என்றார், குரலைத் தாழ்த்தி.

நாலு மாதம் கூலி வாங்காமல் இந்தக் கும்பலுக்குத்தான் சுண்ணாம்பு அரைத்தாய். ஏமாளி.

கடைசியாக உன்னைப் பார்த்தது மேல்மாடியில். பின்பக்கக் கைப்பிடிச் சுவரைத் தள்ளிப் பார்த்தேன், ஆடியது. "இடிச்சிட்டுக் கட்டுடா" என்றேன். "பழச இடிக்காம நிறுத்தறதுதான்டா வேலையே. நீ போய் டேம் கட்டு மச்சான், பஸ்ஸு போயிடப் போவுது" என்றாய். எட்டாம் நாள் அதே சுவரில் சாய்ந்து குண்டை இறக்கியிருக்கிறாய். சுவரோடு போனாய். குண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் பஸ்ஸுக்குக் கிளம்பிய அன்றைக்குக் கீழே இதே காரியதரிசி உட்கார்ந்திருந்தார். சுவர் ஆடுது, இவனை மேலே விடாதீங்க என்று அவரிடம் சொல்ல இரண்டு நிமிடம் போதும். பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன். உன் மேலும் அவர் மேலும் நான் எரிந்து விழுவதில் பாதி இதனால்தான். மீதிப் பாதி நியாயமான கோபம், அதை விடமாட்டேன்.

இனி செய்யப்போவது:

1. அடுத்த ஞாயிறு புது அட்டை வைப்பேன்: "தூக்குக்குண்டு. இந்த வீட்டின் சுவர்களை நிமிர்த்தியவனுடையது." கீழே உன் முழுப்பெயர்.

2. கிழித்தால் திரும்ப எழுதுவேன். இருபது அட்டை வெட்டியாகிவிட்டது.

3. சிங்கவரம் போய் உன் நைனாவைப் பார்ப்பேன். உன் அஜாக்கிரதையால் செத்தாய் என்று அவர் ஊரெல்லாம் திட்டிக்கொண்டிருக்கிறார். அந்தச் சுவர் ஆடியது எனக்கும் தெரியும் என்று சொல்வேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன்.